முள்பாய்: நடைமேடை முனையில் ஓராண்டு

நான் 31 ஆண்டுகள் ரயில் ஓட்டியவன். ஓய்வு பெற்றபின் ஒரு நிலையத்தின் பயணிகள் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தேன். அந்தக் குழு கேட்டுக்கேட்டு வாங்கியதுதான் நான் இங்கே எழுதப்போகும் பொருள். விற்பனையாளரின் தாளில் அதன் பெயர் ‘அத்துமீறல் தடுப்புத் தகடு’. பதிக்க வந்த தொழிலாளர்கள் முதல் நாளே அதற்கு ‘முள்பாய்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர்தான் எங்களிடம் நிலைத்துவிட்டது. இரண்டு நடைமேடைகளின் வடக்கு முனையிலும் முள்பாய் விரித்து ஓராண்டு ஆகிறது. இதே பொருளை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் இதை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

பழைய டயர்களை அரைத்து, அச்சில் வார்த்த தடித்த ரப்பர் பலகை அது. மேற்பரப்பு முழுவதும் கூம்பு கூம்பாக எழும்பி நிற்கும். கூம்பின் நுனி மழுங்கலானது. விழுந்தால் காயம் ஆகாது, ஆனால் கால் வைக்கத் தட்டையான இடம் எங்கேயும் கிடைக்காது. பாதம் ஒருபக்கமாகச் சாயும், கணுக்கால் திரும்பும், அடுத்த அடி வைக்க மனம் வராது. சத்தம் போடாது, மின்சாரம் கேட்காது, காவலுக்கு ஆள் வேண்டாம். ‘இங்கே நடக்காதே’ என்பதைப் படிக்கத் தெரியாதவனுக்கும் பாதத்தின் வழியாகச் சொல்லிவிடும். இந்த யோசனை புதிதல்ல. லெவல் கிராசிங்கில் சாலையிலிருந்து கால்நடைகள் இருப்புப்பாதைக்குள் திரும்பிவிடாமல் இருக்க, முக்கோண மரச்சட்டங்களை வரிசையாகப் பதிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மாட்டுக்குச் செய்ததை மனிதனுக்கும் செய்து, மரத்துக்குப் பதிலாக ரப்பரை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் நிலையத்தில் இது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமல் பொருளை மட்டும் மதிப்பிட முடியாது. வடக்கு முனையில் நடைமேடை சரிந்து இறங்கித் தரையோடு சேரும். அந்தச் சரிவு ஊழியர்கள் இறங்குவதற்காகக் கட்டப்பட்டது. அது முடியும் இடத்திலிருந்து ஜல்லியின் மேல் ஓர் ஒற்றையடிப் பாதை தொடங்கும். இரண்டு இருப்புப்பாதைகளைக் கடந்து, மறுபுறம் இடிந்து கிடந்த மதிலின் ஓட்டைக்குள் புகுந்து, குடியிருப்பில் போய் முடியும். ஜல்லிக்கல்லின் மேல் பாதை விழுவது எளிதல்ல. அவ்வளவு கால்கள் அவ்வளவு நாள் நடந்திருக்க வேண்டும். நடைமேம்பாலம் நிலையத்தின் தெற்கு முனையில் இருந்தது. ஏறி இறங்கிச் சுற்றி வந்தால் பத்து நிமிடம், குறுக்கே போனால் அரை நிமிடம்.

முள்பாய் வருவதற்கு முன் இரண்டு வாரம் மாலை நேரங்களில் அங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். கடப்பவர்களைக் கோடு போட்டு எண்ணினேன். பணி முடிந்து ரயில் இறங்கும் கூட்டம் வரும் ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் நிரம்பிவிடும். நான் எதிர்பார்த்ததுபோல் துடுக்கான இளைஞர்கள் மட்டும் அதில் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்ட தாய்மார், கைத்தடி வைத்திருந்த ஒருவர், சீருடையில் இருந்த மாணவிகள், எங்கள் நிலையத்திலேயே பணியாற்றும் ஊழியர் இருவர் என்று எல்லோரும் இருந்தார்கள். ஒருவரும் தாங்கள் தவறு செய்வதாக நினைக்கவில்லை. வலமும் இடமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். பார்த்துவிட்டோம் என்ற நம்பிக்கைதான் எனக்கு அச்சம் தந்தது. ஏனென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து, இதே காட்சியை நான் 31 ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு வினாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கும். அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்று கண் சொல்லும் ரயில் 18 வினாடியில் வந்துவிடும். இரண்டு இருப்புப்பாதைகளை ஜல்லியில் தட்டுத்தடுமாறிக் கடக்கப் பத்து வினாடி வேண்டும். செருப்பு சிக்கினால், கைப்பை விழுந்தால், குழந்தை கையை உதறினால் மிச்சமிருக்கும் எட்டு வினாடியும் போய்விடும். எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டாலும் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். மழை பெய்திருந்தால் இன்னும் மோசம். நீளமான சரக்கு ரயில் நிற்க ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆகலாம். பஸ் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பலாம். எனக்குத் திருப்ப ஒன்றும் இல்லை. ஹாரனை அழுத்திக்கொண்டு, அந்த மனிதர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒருமுறை ஒரு பையன். காதில் ஒலிக்கருவி, முதுகில் பை, எனக்கு முதுகைக் காட்டியபடி தண்டவாளத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தான். இரண்டு தண்டவாளங்களுக்கும் வெளியே இருந்ததால் தனக்கு ஆபத்தில்லை என்று நினைத்திருப்பான். ரயில்பெட்டி தண்டவாளத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் முக்கால் மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வரும் ரயிலின் ஓசை ரயிலுக்கு முன்னே அதிகம் போவதில்லை, பெரும்பகுதி பக்கவாட்டில் சிதறிவிடும். மின்சார ரயில் என்றால் இன்னும் அமைதி. ரயில் நின்றபின் இறங்கிப் பின்னோக்கி நடந்தேன். அந்த நடையில் என் கால்கள் எனக்குச் சொந்தமாக இல்லை. சரிவில் புரண்டு, முழங்கை கிழிந்து, உயிரோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து, “ஐயா, எனக்குக் கேட்கவே இல்லை” என்றான். எல்லா முறையும் அப்படி உயிரோடு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

வரும் ரயிலின் வேகத்தை நம் கண்ணால் சரியாகக் கணிக்க முடியாது என்பதை ஓய்வு பெற்றபின் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பெரிய பொருள் அசையும்போது அது உண்மையைவிட மெதுவாக வருவதாக மனிதக் கண்ணுக்குத் தோன்றும் என்று ஹெர்ஷல் லீபோவிட்ஸ் என்ற உளவியலாளர் 1985-இல் எழுதினார். பிற்பாடு நியூசிலாந்து ஆய்வாளர்கள் ரயிலையும் காரையும் திரையில் ஓடவிட்டுச் சோதித்து, 2013-இல் அதை உறுதிப்படுத்தினார்கள். ஆக, வலமும் இடமும் பார்த்துவிட்டு இறங்கும் பொறுப்பான மனிதரும் தவறாகத்தான் பார்க்கிறார். இதனால்தான் ‘பார்த்துக் கடக்கவும்’ என்ற அறிவுரைமேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தண்டவாளத்தில் கால் வைக்கும் முன்பே நிறுத்துகிற ஒரு பொருள் வேண்டும்.

இனி முள்பாய்க்கு வருகிறேன். பதிக்கும் வேலை இரவில், ரயில் போக்குவரத்தை நிறுத்தி வாங்கிய நேரத்தில் நடந்தது. ஒரு பலகையைத் தூக்க இரண்டு பேர் போதும். ஒன்றோடு ஒன்று கோத்து, தரையில் இறக்கிய மரக்கட்டைகளில் திருகாணி போட்டு இறுக்கினார்கள். கம்பம் நிற்கும் இடத்தில் வளைவாக அறுக்க வேண்டியிருந்தது. கைவாளே அறுத்துவிட்டது. இரும்புத் தகடு மலிவாயிற்றே என்று குழுவில் ஒருவர் கேட்டார். இருப்புப்பாதைக்கு அருகே இரும்பு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பல இடங்களில் ரயில் எங்கே நிற்கிறது என்பதைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்னோட்டத்தை வைத்துத்தான் சிக்னல் அறிகிறது. சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்ததும் சிவப்பு விழும். கழன்ற இரும்புத் துண்டு ஒன்று குறுக்கே கிடந்தாலும் அதே சிவப்பு விழுந்துவிடும். ரப்பரிலும் மரத்திலும் அந்தத் தொல்லை இல்லை.

முதல் வாரம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. சரிவில் வேகமாக இறங்கி வருபவர்கள் கூம்புகளைக் கண்டதும் நின்றார்கள். சிலர் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். முணுமுணுத்தபடி திரும்பி மேம்பாலத்துக்குப் போனார்கள். என் நோட்டில் அன்றைய கோடுகளை ஒரு பார்வையில் எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. நான் மகிழ்ந்துபோய் குழுவுக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன்.

இரண்டாம் வாரம் ஒரு பலகை வந்தது. கட்டட வேலையில் மிஞ்சிய நீண்ட மரப்பலகை. யாரோ கூம்புகளின் மேல் அதைப் பாலம்போல் கிடத்தியிருந்தார்கள். காலையில் எடுத்துப் போட்டோம், மாலையில் இன்னொன்று கிடந்தது. பிறகு அட்டைப்பெட்டிகள், பிறகு மணல் மூட்டை. இது பொருளின் குறை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய இயல்பு. அகலம் போதாவிட்டால் பலகை போட்டுத் தாண்டிவிடுவார்கள். நாங்கள் முதலில் பதித்தது ஒரு வரிசை மட்டுமே. நீளமான கால் உள்ளவர் இரண்டே எட்டில் கடந்துவிடலாம் என்று பதித்தவர்களில் ஒருவர் அன்றே சொன்னார். கேட்கவில்லை. பிற்பாடு இன்னும் இரண்டு வரிசை வாங்கினோம். வாங்குபவர்கள் முதலிலேயே மூன்று வரிசைக்குக் குறையாமல் வாங்குங்கள்.

தடித்த அடிப்பாகம் உள்ள காலணி போட்டவர் மெதுவாகக் கூம்பு கூம்பாக மிதித்துப் போக முடியும் என்பதையும் மறைக்கக் கூடாது. முள்பாய் தடுக்காது, தயங்க வைக்கும். தயக்கம் போதுமானதாக இருப்பவர்களிடம்தான் அது வேலை செய்யும்.

அப்படித் தயக்கம் போதாதவர் ஒருவரை நான் சந்தித்தேன். அறுபது வயதிருக்கும். கையில் கனமான பை. கூம்புகளின் மேல் கையை ஊன்றித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, பாலம் இருக்கிறதே, ஏன் இப்படி?”

“தம்பி, அந்தப் படி எத்தனை என்று எண்ணியிருக்கிறாயா? நான் எண்ணியிருக்கிறேன். ஏற 54, இறங்க 54. என் முழங்காலுக்கு ரயிலைவிட அந்தப் படியைக் கண்டால்தான் பயம்.”

என்னைத் தம்பி என்றழைத்த அந்த அம்மாவுக்கு என்னிடம் பதில் இல்லை. கைப்பிடித்துப் பாலம் ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு படியிலும் அவர் மூச்சு வாங்கியது எனக்கும் கேட்டது. ஓர் ஓட்டுநராக என் இருக்கையிலிருந்து நான் பார்த்ததெல்லாம் தண்டவாளத்தில் குறுக்கிடும் உருவங்கள்தான். அந்த உருவங்களுக்கு முழங்கால் உண்டு, வீட்டில் காத்திருக்கும் அடுப்பு உண்டு என்பதை இந்த வயதில் கற்றுக்கொண்டேன். குழுவின் அடுத்த கூட்டத்தில் நான் முள்பாயைப் பற்றிப் பேசவில்லை. வடக்கு முனையில், கழிவுநீர்க் குழாய்க்காக ஏற்கனவே இருந்த சுரங்க வழியைப் பாதசாரிகளுக்குத் திறந்துவிட முடியுமா என்று கேட்டேன். அகலப்படுத்தி, சரிவுப்பாதை அமைத்து, விளக்குப் போட ஏழு மாதம் ஆயிற்று. நீர் தேங்காமல் இருக்க ஒரு மோட்டார் வைத்தார்கள். இன்று அந்த அம்மா அதன் வழியாகத்தான் போகிறார். என் நோட்டில் கோடுகள் உண்மையிலேயே குறைந்தது அப்போதுதான்.

பின்லாந்தில் செய்த ஓர் ஆய்வு இதை எனக்கு இன்னும் தெளிவாக்கியது. அன்னே சில்லா, யூஹா லுவோமா என்ற இருவர் 2011-இல் வெளியிட்டது. மக்கள் குறுக்கே கடந்துகொண்டிருந்த இடங்களில் மூன்று வழிகளைத் தனித்தனியாகச் சோதித்தார்கள். வேலி போட்ட இடத்தில் கடப்பவர்கள் 94.6 விழுக்காடு குறைந்தார்கள். மண்ணை மேடாக்கிப் பாதையே தெரியாதபடி நிலத்தை மாற்றிய இடத்தில் 91.3 விழுக்காடு. ‘கடக்கக் கூடாது’ என்று பலகை மட்டும் வைத்த இடத்தில் 30.7 விழுக்காடு. எங்கள் நிலையத்தில் எச்சரிக்கைப் பலகை மட்டும் பல ஆண்டுகள் துருப்பிடித்து நின்றதை நினைத்துக்கொண்டேன். பாதை பாதையாகத் தெரியும்வரை கால் அங்கேதான் போகும். அதனால் மதிலின் ஓட்டையையும் அடைத்து, ஒற்றையடிப் பாதையின் மேல் ஜல்லியைக் கிளறிப் புதிதாகக் கொட்டச் சொன்னோம். முள்பாயின் விலையோடு ஒப்பிட்டால் இந்த இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை, பலனோ பெரியது.

மும்பை வடாலாவில் 2010-ஐ ஒட்டிச் செய்த சோதனையிலிருந்தும் கற்றுக்கொண்டோம். அங்கே தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளில் சிலவற்றுக்கு இடைவெளி விட்டு மஞ்சள் பூசினார்கள். மஞ்சள் பட்டைகள் ஒவ்வொன்றாக ரயிலின் அடியில் மறையும்போது அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடும். லீபோவிட்ஸ் சொன்ன மயக்கத்துக்கு இது நேரான மருந்து. ஒரே நீண்ட ஹாரனுக்குப் பதிலாக, நடுவே சிறு மௌனம் விட்டு இரண்டு குறுகிய ஒலி எழுப்பவும் ஓட்டுநர்களிடம் சொன்னார்கள். அந்த மௌனத்தில்தான் காது விழித்துக்கொள்ளும். நான் ஓட்டிய காலத்தில் இதை எனக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை பெரிய குறையில்லை. வெயிலில் வெடிக்கவில்லை, மழையில் ஊறவில்லை. கூம்புகளுக்கு இடையே தூசியும் காய்ந்த இலையும் சேர்ந்து, மழைக்குப்பின் களை முளைக்கிறது. அப்படியே விட்டால் பள்ளம் நிரம்பித் தட்டையாகிவிடும், பிறகு அது வெறும் பாய்தான். மாதம் ஒருமுறை துடைப்பம் போதும். திருகாணிகளை அதிர்வு தளர்த்துகிறது, அதையும் பார்க்க வேண்டும்.

பதிக்கும் முன் கட்டாயம் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. எங்கள் விற்பனையாளரின் தாளில் அது இல்லை, அதில் எனக்கு வருத்தம். டிராக்கில் வேலை செய்பவர்கள் ரயில் வரும்போது ஒதுங்கும் இடத்தை முள்பாயால் மூடிவிடக் கூடாது. தீயோ பழுதோ ஏற்பட்டுப் பயணிகளை இருப்புப்பாதை வழியாக இறக்க வேண்டிவந்தால் அவர்கள் நடைமேடைக்கு ஏறும் வழியும் திறந்திருக்க வேண்டும். நாங்கள் ஓரத்தில் ஒரு சிறு கதவு வைத்து, இருப்புப்பாதைப் பக்கமிருந்து தள்ளினால் திறக்கும்படி செய்தோம். முதலில் டிராக்கைப் பராமரிக்கும் கேங்மேன்களிடம் கேளுங்கள். அவர்கள் கால் எங்கே போகும் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது.

நின்றுகொண்டிருக்கும் பெட்டிகளின் மேல் ஏறுபவர்களுக்கு முள்பாய் எதுவும் செய்யாது. மேலே போகும் 25,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டியதே இல்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவிவிடும். அதைப் பிள்ளைகளிடம் நேரில்தான் சொல்ல வேண்டும், பள்ளிகளுக்குப் போய் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாழ்க்கை வெறுத்துத் தண்டவாளத்தைத் தேடி வருபவர்களுக்கும் ரப்பர் பதில் சொல்லாது. அவர்களுக்கு வேண்டியது பக்கத்தில் வந்து உட்காரும் ஒரு மனிதர். பிரிட்டனில் இருப்புப்பாதை நிர்வாகமும், மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பும் 2010-இல் கைகோத்து, நிலைய ஊழியர்களுக்கு அப்படிப் பேசுவதற்குப் பயிற்சி தந்தன. எங்கள் நிலையத்திலும் அந்தப் பயிற்சி வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

இப்போது என் கவலை ஓர் இடைவெளி. இரண்டாம் நடைமேடையில் முள்பாய் முடியும் இடத்துக்கும் கேபிள் செல்லும் காங்கிரீட் தொட்டிக்கும் நடுவே இரண்டு சாண் அகலம் வெறுமையாக இருக்கிறது. தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும் என்பதற்காக விட்டது. போன வாரம் மழை விட்டபின் போய்ப் பார்த்தேன். சேற்றில் சிறிய காலணித் தடம், ஒன்றன்பின் ஒன்றாக, தண்டவாளத்தை நோக்கி. பள்ளிப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அந்த அகலத்துக்குக் கழற்றி மாட்டும்படி துண்டு செய்து தருமாறு அளவெடுத்து அனுப்பியிருக்கிறோம். அது வரும்வரை பள்ளி விடும் நேரத்தில் குழுவிலிருந்து ஒருவர் அங்கே நிற்பது என்று முடிவாகியிருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி என் முறை.